ஒற்றை ஆளுக்கு ஒரு பானை

தன் ஒருத்திக்காக வாழை இலை வாங்கிய பெண்ணை அவளுக்கு முன்னால் நான் பார்த்ததில்லை. வெள்ளிக்கிழமை காலையில் இலைக்காரர் சைக்கிளை நிறுத்தினால் வாசலுக்கு வந்து ஒரே ஒரு இலை கேட்பாள்.

"ஒத்தையாவா? கட்டாத்தான் குடுப்பேன்" என்பார் அவர்.

"வாய் ஒண்ணுதானண்ணே இருக்கு. கட்ட வாங்கி யாரு வாயில திணிக்க?" என்பாள். சிரித்துக்கொண்டே நுனி இலையாகப் பார்த்து உருவிக் கொடுத்துவிட்டுப் போவார். அவள் அந்த இலையைக் கழுவித் தரையில் விரித்து, உப்பு வைத்து, ஒரு கூட்டு ஒரு பொரியல் வைத்து, விருந்தாளி மாதிரி உட்கார்ந்து சாப்பிடுவாள். அப்போதும் கதவு திறந்தே இருக்கும். எதிர் வீட்டிலிருந்து பார்க்கிற எனக்குத்தான் கூச்சமாக இருக்கும். ஏதோ பார்க்கக் கூடாததைப் பார்த்துவிட்ட மாதிரி தலையைத் திருப்பிக்கொள்வேன்.

அவள் பெயர் வேண்டாம். சொன்னால் அவள் ஒன்றும் நினைக்க மாட்டாள். எனக்குத்தான் ஒரு மாதிரி இருக்கும்.

ஒத்தக்கடையில் மேலூர் ரோட்டை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது எங்கள் காம்பவுண்டு. முகப்பில் வீட்டுக்காரம்மா இருக்கிறார். உள்ளே முற்றமும், முற்றத்துக்கு இரண்டு பக்கமும் சின்னச் சின்ன வீடுகளும். ஆடி மாதத்தில் யாரும் வீடு மாற மாட்டார்கள். அவள் ஆடியில்தான் வந்தாள். ஒரு கட்டில், ஒரு குக்கர், இரண்டு பெட்டி. பக்கத்தில் ஒரு தனியார் கல்லூரியில் லைப்ரரியில் வேலை என்றாள். வயது நாற்பதைத் தாண்டியிருக்கும்.

"கல்யாணம்?" என்று வீட்டுக்காரம்மா கேட்டார்.

"ஆகல."

"ஏம்மா, என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல. அதான் ஆகலன்னு சொல்றேன்."

கோபமாகச் சொல்லவில்லை. பால் வந்திருச்சா, இன்னும் வரல என்று சொல்வோமே, அந்தக் குரல். வீட்டுக்காரம்மா கட்டில் உள்ளே போகுமா என்று பார்க்கப் போய்விட்டார்.

என்னைப் பெரியம்மா என்று கூப்பிட்டாள். நான் யாரிடமும் அதிகம் பேசுகிறவள் இல்லை. நாலு பேர் நிற்கிற இடத்தில் என் குரல் எனக்கே கேட்காது. அவள் அதைக் கண்டுகொள்ளவே மாட்டாள். பதில் சொல்லாவிட்டால் இன்னொரு தடவை கேட்பாள். அதற்கும் சொல்லாவிட்டால், "சரி, யோசிச்சு வைங்க, வந்து கேட்டுக்கிறேன்" என்று போய்விடுவாள். லைப்ரரியில் கழித்துப் போட்ட வாரப் பத்திரிகைகளைக் கொண்டுவந்து என் படியில் வைப்பாள். ஐந்தாவதோடு நின்ற படிப்பை வைத்துக்கொண்டு ஒரு பக்கத்தை ஒரு மத்தியானம் முழுக்கப் படிப்பேன்.

மார்கழி பிறந்து கல்லூரிக்கு லீவு விட்டார்கள். காம்பவுண்டில் பாதி வீடு அவரவர் ஊருக்குக் கிளம்பிவிட்டது. அவளும் போவாள் என்றுதான் இருந்தேன். அவளுக்கு ராமநாதபுரம் பக்கம் அண்ணன் தம்பி எல்லாம் இருந்தார்கள்.

"ஊருக்குப் போகலையா?" என்று கேட்டேன். நானாகக் கேட்ட முதல் கேள்வி அதுவாகத்தான் இருக்கும்.

"போனா ஹால்ல பாய் பெரியம்மா. எல்லாரும் டிவி பாத்து முடிச்சப்புறந்தான் விரிக்கணும். எல்லாரும் எந்திரிக்க முந்திச் சுருட்டணும். ஒரு நாளுன்னா சரி. லீவு பூராவும் பாயச் சுருட்டி விரிக்க எதுக்குப் போகணும்? பாக்கணும்னு தோணுச்சுன்னா ஒரு ஞாயித்துக்கெழம போயிட்டு வந்துருவேன்."

அந்த லீவில் அவள் இருந்த இருப்பைப் பார்த்துக் காம்பவுண்டே பேசியது. விடிந்ததும் விடியாததுமாகப் பனிக்குத் தலையில் மப்ளரைச் சுற்றிக்கொண்டு, சுடிதாருக்குக் கீழே வெள்ளை ஷூ மாட்டிக்கொண்டு, யானைமலை அடிவாரம் வரைக்கும் நடந்துவிட்டு வருவாள். வரும்போது கையில் பச்சை மொச்சை, அவரை, பனங்கிழங்கு என்று ஏதாவது இருக்கும். செவ்வாய், வெள்ளி நல்லெண்ணெய் தேய்த்துக் குளிப்பாள். முற்றத்து வெயிலில் ஸ்டூலைப் போட்டுக்கொண்டு, தலையைக் காய வைத்தபடி, கிழங்கை நார் உரித்துத் தின்பாள். பிறகு ஒரு குட்டித் தூக்கம். சாயங்காலம் பேட் ஒன்றை எடுத்துக்கொண்டு வீட்டுக்காரம்மாவின் பேத்தியோடு பந்து அடிப்பாள். தோற்றால் நிஜமாகவே சண்டை போடுவாள்.

வீட்டுக்காரம்மா என் காதில் வந்து சொன்னார். "பாத்தியாக்கா கூத்த? குடும்பம் குட்டி இல்லாததுக்கு வந்த வாழ்வ. நமக்கெல்லாம் லீவு நாளுன்னா இடுப்பு ஒடியுது, அது உக்காந்து வெயிலு காயுது."

நான் சும்மா சிரித்து வைத்தேன். அவர் சொன்னதில் பொறாமை எவ்வளவு, பரிதாபம் எவ்வளவு என்று எனக்குப் பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. எனக்குள்ளும் அதே இரண்டும்தான் இருந்தன.

ஒருநாள் மாத்திரை வாங்கக் கடைத்தெருவுக்குப் போயிருந்தேன். ரோட்டோர ஓட்டலில் அவள் உட்கார்ந்திருந்தாள். பெண்கள் உட்காரத் தடுப்பு வைத்த அறை உண்டு. அங்கே போகாமல், நடுவில் ஃபேனுக்குக் கீழே, நாலு பேர் மேசையில் தனியாக உட்கார்ந்து இட்லியைச் சாம்பாரில் ஊறவைத்துச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். கையை உயர்த்தி, "பெரியம்மா! வாங்க, சூடா இருக்கு!" என்று கூப்பிட்டாள். கடையே திரும்பி என்னைப் பார்த்தது. முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு காது கேட்காதவள் மாதிரி நடந்துவிட்டேன்.

சாயங்காலம் நேராக வந்து கேட்டாள். "காது கேக்கலையா, இல்ல வெக்கமா?"

"வெக்கம்" என்றேன்.

"அப்பச் சரி. காதுன்னா டாக்டர்ட்டப் போகணும்."

அவள் அழவே மாட்டாள் என்று சொல்ல வரவில்லை. இங்கிலீஷ் வருஷப் பிறப்பு அன்றைக்குத் தம்பியிடமிருந்து போன் வந்தது. பேசி வைத்துவிட்டு விளக்குமாற்றை எடுத்து முற்றம் முழுக்கக் கூட்டினாள். கூட்டிய இடத்தையே திரும்பவும் கூட்டினாள். பிறகு கையைக் கழுவிவிட்டுக் கேரட், பீன்ஸ் எல்லாம் போட்டுச் சோறு ஆக்கினாள். எனக்கும் ஒரு கிண்ணத்தில் கொண்டுவந்தாள்.

"மனசு சரியில்லாத அன்னைக்குத்தான் பெரியம்மா நல்லா திங்கணும். கூட்டத்துல இருக்கையில எப்படியும் தின்னுருவோம். தனியா இருக்கையிலதான் வயித்த ஏமாத்திப்புடுவோம். ஒரு டீ, ஒரு பன்னுன்னு பொழுது போயிரும். அப்புறம் படுத்தா யாரு பாக்குறது?"

படுக்கவும் செய்தாள். பனியில் நடந்து சளி பிடித்துக் காய்ச்சல் வந்தது. நானாக இருந்தால் கதவைச் சாத்திக்கொண்டு கிடப்பேன். அவள் வீட்டுக்காரம்மாவுக்குப் போன் போட்டு, "எனக்குக் காய்ச்சலுங்கம்மா. கொஞ்சம் கஞ்சி வச்சுத் தாங்க. பூண்டு நெறையப் போடுங்க" என்று கேட்டு வாங்கிக் குடித்தாள். கஞ்சியைக் கேட்டாளே, அது போதாதா, பூண்டு வேறு கேட்டாளே என்று எனக்கு ஆச்சரியம் தாளவில்லை. வீட்டுக்காரம்மா வாயால் திட்டிக்கொண்டே கை நிறையப் பூண்டு உரித்ததையும் பார்த்தேன். ஒரு ஆளிடம் இப்படிக் கேட்கலாமா, கேட்டால் கொடுப்பார்களா என்று அன்று முழுக்க நினைத்துக்கொண்டிருந்தேன்.

இனி என் கதையையும் கொஞ்சம் சொல்ல வேண்டும். இல்லாவிட்டால் அவளைப் பற்றிச் சொன்னது முழுசாகாது.

என்னைக் கட்டியவர் போனபிறகு நான் இங்கே தனி. ஒரே மகன் ஓசூரில் கம்பெனி வேலையில் இருக்கிறான். கெட்டவன் இல்லை. மாசாமாசம் போன் பேசுவான், மருந்துக்கு அனுப்புவான். பொங்கலுக்கு மட்டும் மாமனார் வீட்டுக்குப் போய்விடுவான். "அங்க எடம் பத்தாதும்மா, அடுத்த வருசம் பாப்போம்" என்பான். அது வருஷாவருஷம் அடுத்த வருஷமாகவே இருந்தது.

பெற்ற மகன் பொங்கலுக்குக் கூப்பிடவில்லை என்று நாலு பேர் சொன்னால் அவனுக்கு அல்லவா கெட்ட பெயர்? அதனால் நான் ஒரு வழி வைத்திருந்தேன். போகி அன்று ஒரு பையில் சேலைகளை அடைத்துக்கொண்டு, "மகன் வீட்டுக்குப் போயிட்டு வாரேன்" என்று வீட்டுக்காரம்மாவிடம் சொல்லி, எல்லோரும் பார்க்க வாசல் கதவைப் பூட்டிவிட்டுக் கிளம்புவேன். மாட்டுத்தாவணி பஸ் ஸ்டாண்டில் போய் உட்கார்ந்திருப்பேன். இருட்டத் தொடங்கும் நேரத்தில் திரும்பி, குப்பை வண்டி வருகிற பின்சந்து வழியாக வந்து, தாழ் போடாமல் விட்ட பின்கதவைத் தள்ளிக்கொண்டு உள்ளே போய்விடுவேன். பொங்கல் முடியும் வரைக்கும் லைட் போட மாட்டேன். டிவி கிடையாது. தாளித்தால் வாசம் போகும், அதனால் அடுப்பும் கிடையாது. ஊறவைத்த அவல், வாழைப்பழம், பன். மகன் பொங்கல் அன்று போன் பண்ணினால் போர்வைக்குள் வைத்து, "இங்க வீட்டுக்காரம்மா சாப்பிடக் கூப்பிட்டாகய்யா, அங்கதான் இருக்கேன்" என்று கிசுகிசுப்பேன். வெளியே வரும்போது கால் வீங்கியிருக்கும். "மகன் வீட்டுச் சாப்பாடு ஒத்துக்கலையா?" என்று வீட்டுக்காரம்மா கேட்பார். "பலகாரம் கூடிப்போச்சு" என்பேன்.

அந்த வருஷம் அவள் தெருவோரத்தில் பொங்கல் பானை வாங்கி வந்து காட்டினாள். இருந்ததிலேயே சின்னப் பானை. ஒரு ஆழாக்கு அரிசிதான் வேகும்.

"சொப்புச் சாமான் வெளையாடவாம்மான்னு கேக்குறாரு கடைக்காரரு. ஆமாண்ணே, வெளையாடத்தான்னேன். நீங்க பொங்கலுக்கு இருக்கீகளா பெரியம்மா?"

"மகன் வீட்டுக்குப் போறேன்."

அவள் முகம் மலர்ந்துபோயிற்று. "நல்லாப் போங்க. போயி நாலு நாளு இருந்துட்டு வாங்க." உள்ளே ஓடிப்போய் ஒரு பொட்டலம் கொண்டுவந்தாள். கடலை மிட்டாய். "உங்க பேரனுக்கு. எதிர் வீட்டு அத்தை குடுத்தாகன்னு சொல்லுங்க."

வாங்கிக்கொண்டேன். வாங்காமல் எப்படி இருப்பது?

போகி ராத்திரியும் பொங்கல் விடியற்காலையும் எனக்கு அந்தக் கடலை மிட்டாய்தான் சாப்பாடு. வாயில் போட்டுக் கடித்தால் சத்தம் கேட்கும் என்று ஊறவைத்து ஊறவைத்துத் தின்றேன். இனித்தது. எந்த இனிப்பையும் நான் இவ்வளவு அவமானத்தோடு முழுங்கியதில்லை.

பொங்கல் காலையில் அவள் முற்றத்தில் கோலம் போட்டாள். மூன்று செங்கல் வைத்து விறகு மூட்டினாள். கதவிடுக்கில் எனக்குப் புகை தெரிந்தது, பால் வாசம் வந்தது. அந்த வாசத்துக்கு எச்சில் ஊறி, வாயில் இருந்த கடலைத் தூள் தொண்டையில் ஏறிக்கொண்டது. இருமலை அடக்கப் பார்த்தேன். முடியவில்லை. தண்ணீருக்குக் கை நீட்டியதில் செம்பு உருண்டு நங்கென்று விழுந்தது.

"அம்மா! ஓடியாங்க!" அவள் போட்ட சத்தம் ரோட்டுக்கே கேட்டிருக்கும். "பெரியம்மா வீட்டுக்குள்ள ஆளு! பூட்டுன வீட்டுக்குள்ள எவனோ இருக்கான்! கம்ப எடுங்க!"

வீட்டுக்காரம்மா ஓடி வருகிற செருப்புச் சத்தம் கேட்டது. நான் சுவரோடு சுவராக ஒட்டிக்கொண்டேன். பிடிபட்டேன் என்று நினைத்தேன். ஆனால் காதில் விழுந்தது வேறு.

"ஏய், கத்தாத புள்ள. திருடனும் இல்ல ஒருத்தனும் இல்ல. அவுகதான் உள்ள இருக்காக."

"யாரு?"

"அக்காதான். வருசாவருசம் இப்படித்தான். மகன் கூப்புடுறதில்ல. பூட்டிப்புட்டுப் பின்னால வந்து படுத்துக்குவாக. எங்க எல்லாருக்கும் தெரியும். சின்னப் புள்ளைகளக்கூட இந்தப் பக்கம் வெளையாட விடமாட்டோம், பாவம், இருமக்கூட முடியாமக் கெடக்காகளேன்னு."

பிறகு அவள் குரல் கேட்டது. "இம்புட்டு வருசமாத் தெரிஞ்சுமா யாரும் கதவத் தட்டல?"

"தட்டுனா அவுக மானம் போயிராதா?"

அதற்கு அவள் பதில் சொன்னாளா என்று தெரியாது. என் காதை அடைத்துக்கொண்டது. நான் மறைத்தேன் என்று நினைத்திருந்த அத்தனை வருஷமும் அவர்கள்தான் என்னை மறைத்து வைத்திருந்தார்கள். பலகாரம் கூடிப்போச்சு என்று நான் சொன்னபோதெல்லாம் இந்த முகங்கள் எப்படிச் சிரிக்காமல் நின்றன? தரையில் உட்கார்ந்துவிட்டேன். அந்தத் தரை பிளந்தால் நல்லது என்று இருந்தது.

பின்கதவு தட்டும் சத்தம் கேட்டது.

"பெரியம்மா. நாந்தான். எனக்குத் தெரியாது. சத்தம் போட்டது தப்புதான்."

நான் சுவரைப் பிடித்துக்கொண்டு எழுந்தேன்.

"உள்ள வரல. நீங்க தொறக்கவும் வேணாம். ஒண்ணே ஒண்ணு கேக்கணும். பானை பொங்கப் போகுது. எனக்குக் கொலவை போட வராது, நாக்கு சுத்தாது. வீட்டுக்காரம்மாவக் கேட்டேன், பல்லு கட்டுனதுல இருந்து காத்துத்தான் வருதுங்கிறாக. கொலவை இல்லாம ஒத்தையா நின்னு பொங்கலோ பொங்கலுன்னு கத்த எனக்கு..." அங்கே நிறுத்தினாள். "எனக்கு வெக்கமா இருக்கு பெரியம்மா."

அவளுக்கா? கதவைத் திறந்து முகத்தைப் பார்க்க வேண்டும் போல இருந்தது. அதனால்தான் திறந்தேன் என்று நினைக்கிறேன்.

நெற்றியில் கரி, கையில் கரண்டி. நிஜமாகவே முகம் சிவந்து நின்றாள்.

"உங்களுக்கு வருமா?" என்றாள்.

எனக்கு வரும். வாலிபத்தில் மேலூர்ப் பக்கம் நடவுக்குப் போன காலத்தில், வரிசையில் நான் வாயைத் திறந்தால் குலவைக்கு மட்டும்தான். வாயைக் கையால் மறைத்துக்கொண்டு போடுகிற சத்தம் அது. எந்த வாயிலிருந்து வருகிறது என்று யாருக்கும் தெரியாது. என் மாதிரி ஆளுக்கென்றே வைத்தது.

"விறகை வெளிய இழுத்து வச்சிருக்கேன். ரொம்ப நேரம் நிக்காது" என்றாள்.

சந்து வழியாக அவள் பின்னால் நடந்து, தெருவைச் சுற்றி, முன்வாசல் வழியாகக் காம்பவுண்டுக்குள் வந்தேன். பையும் இல்லை, புதுச் சேலையும் இல்லை. படுத்துக் கசங்கிய சேலை. வீட்டுக்காரம்மா என்னைப் பார்த்தார். பார்த்ததும் அவர்தான் தலையைக் குனிந்துகொண்டார். பேத்தி மட்டும், "அப்பத்தா ஊருக்குப் போகலையா?" என்று கேட்டு ஒரு கிள்ளு வாங்கிக்கொண்டது.

அவள் விறகை உள்ளே தள்ளினாள். தீ எழும்பியது. அந்தச் சின்னப் பானையின் வாயில் நுரை குமிழ்ந்து ஏறி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, வழிந்தது. அவள் என்னைப் பார்த்தாள். கையை வாய்க்கு முன்னால் வைத்தேன். முதலில் வெறும் காற்றுதான் வந்தது.

"இதுக்கு வீட்டுக்காரம்மாவே தேவலாம்" என்றாள்.

"அடியேய்!" என்றார் வீட்டுக்காரம்மா.

சிரிப்பு வந்துவிட்டது எனக்கு. சிரித்த வாயோடு இழுத்தேன். நாக்கு சுழன்றது. எனக்கே பயமாக இருக்கிற அளவுக்குச் சத்தம் எழும்பி, முற்றத்து வேம்பில் இருந்த காக்கைகள் எல்லாம் பறந்துபோயின. அவள் பொங்கலோ பொங்கல் என்று கத்தினாள், பேத்தியும் கூடக் கத்தியது. இரண்டாம் தடவை இழுக்கும்போது என் கண்ணில் நீர் வழிந்துகொண்டிருந்தது. புகை என்று யாரும் நினைத்திருக்கலாம். நினைக்காமலும் இருந்திருக்கலாம். இனி அங்கே யாரிடமும் எதையும் மறைக்க முடியாது என்பது மட்டும் எனக்குத் தெரிந்தது. வெட்கம் போகவில்லை. இன்றைக்கும் அதை நினைத்தால் காது மடல் சுடுகிறது. ஆனால் பசியும் இருந்தது, அது வெட்கத்தைவிடப் பெரிதாக இருந்தது.

அந்தப் பானையில் இருந்தது ஒரு ஆள் சாப்பாடு. அவள் ஓர் இலையை நடுவில் கிழித்து இரண்டாக்கிப் போட்டாள். வீட்டுக்காரம்மா உள்ளே போய், வடையும் சாம்பாரும் கொண்டுவந்து என் இலையில்தான் முதலில் வைத்தார்.

சாப்பிட்டுக் கையைக் கழுவும்போது அவள் சாதாரணமாகக் கேட்டாள். எல்லோர் காதிலும் விழுகிற மாதிரிதான் கேட்டாள்.

"நாளைக்குக் காலைல மலைப்பக்கம் நடக்கப் போறேன் பெரியம்மா. வாரீகளா? இல்ல, ஊர்ல இருந்து நீங்க வந்து சேர லேட்டாகுமா?"

எனக்கு முகம் தீயாக எரிந்தது. அவள் கண்ணில் குறும்பைத் தவிர வேறு எதுவும் இல்லை.

"லேட்டாகாது" என்றேன். "மொத பஸ்ஸுக்கே வந்துருவேன்."